மூன்றும் பதினொன்றும்

என் மச்சானுக்கு ஆணி என்று பேர் வைத்தவர்கள் போன் எடுக்கும் பெண்கள். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் சர்வர் மெஷினுக்கு அவர்தான் பொறுப்பு. அதே கட்டிடத்தில் ஏசி பார்க்கிறவன் நான். பத்தொன்பது வருடம் அவர் மெஷினைப் பார்த்தார், நான் மெஷினுக்குக் குளிர் காட்டினேன்.

அவ்வளவு வருடத்தில் அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்று. அதை அவரேதான் கண்டுபிடித்தார், அவரேதான் போய்ச் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் போயிருக்க வேண்டியது என் வேலை. அதனால்தான் இதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

ஆணி என்ற பேர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கட்டுப்பாட்டு அறையில் பதினான்கு நாற்காலி. போன் வந்ததும் எதிரே உள்ள திரையில் அழைப்பவர் இருக்கும் இடமும், பக்கத்தில் சும்மா நிற்கும் வண்டிகளும் வரும். பெண்கள் ஒரு வண்டியைத் தொட்டால் அது கிளம்பும். இந்த வேலையைச் செய்வது அழைப்பு ப்ரோக்ராம். ஆனால் அந்த மெஷினுக்குள் அது மட்டும் இல்லை. பேச்சைப் பதிவு செய்து சுருக்கி வைக்க ஒன்று, கணக்கெடுப்பு அறிக்கை போட ஒன்று, எல்லாவற்றையும் நகல் எடுத்து வைக்க ஒன்று என்று பத்துப் பன்னிரண்டு ஓடும். மெஷினுக்குள் வேலை செய்கிற மூளைகளை ப்ராசஸர் என்கிறார்கள். பழைய மெஷினில் அது நான்கு. எந்த வேலையை எந்த ப்ராசஸரிடம் கொடுப்பது என்று ஆபரேட்டிங் சிஸ்டமே பார்த்துக்கொள்ளும். யார் சும்மா இருக்கிறானோ அவன் தலையில் கட்டும்.

மச்சான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மத்தியானம் நகல் எடுக்கும் வேலை முழு மூச்சில் ஓட, அழைப்பு ப்ரோக்ராம் அதனிடம் முட்டிக்கொண்டு பத்து விநாடி நின்றுவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவருக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் வந்து அழைப்பு ப்ரோக்ராமை மூன்றாம் எண் ப்ராசஸரில் கட்டிப்போட்டார். எண்ணுவது பூஜ்யத்திலிருந்து, அதனால் நாலாவதுக்குப் பேர் மூன்று. அது அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது, வேறு எதுவும் அங்கே வரக்கூடாது. மற்ற வேலைகளையெல்லாம் மீதி மூன்றில் பங்குபோட்டு உட்கார வைத்தார்.

எதற்கு இந்தக் கட்டுப்பாடு என்று நான் கேட்டபோது என் பாஷையிலேயே சொன்னார். "நீ ஒரு ரூம்ல ஏசியைப் பிரிச்சு, ஸ்பேனர், ஸ்க்ரூ எல்லாம் பரப்பி வச்சு வேலை பாக்கறே. பாதியில அடுத்த ரூமுக்குப் போன்னு ஒருத்தன் தொரத்துறான். அங்க போய் மறுபடி கடை பரப்பணும். நாளைக்குப் பத்து வாட்டி தொரத்துனா நீ வேலை பாப்பியா, ஸ்பேனர் பொறுக்குவியா?"

ஒரு ப்ரோக்ராமும் அப்படித்தானாம். தனக்கு வேண்டியதைத் தான் இருக்கும் ப்ராசஸரின் கைக்கெட்டும் தூரத்தில் பரப்பி வைத்திருக்கும். இடம் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

கட்டம் போட்ட தாளில் எந்த எண்ணில் எந்த வேலை என்று பென்சிலால் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். மெஷினை நிறுத்தி ஏற்றினால் இந்தக் கட்டெல்லாம் அவிழ்ந்துவிடும். தானாகவே மறுபடி கட்டிக்கொள்ள வழி செய்திருந்தார், ஆனாலும் ஒவ்வொரு முறையும் திரை முன்னால் நின்று விரல் வைத்துச் சரிபார்ப்பார். "உக்காருன்னு சொன்னா போதாது. உக்காந்திருக்கானான்னு பாக்கணும்" என்பார். வேலைகளை ஆணி அடித்து வைத்திருக்கிறார் என்று பெண்கள் சிரித்தார்கள். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மெஷினுக்கு மட்டும் இல்லை, ஆளே அப்படித்தான் என்பதால் ஒட்டியது.

அவர் வீட்டில் யாருக்கு எந்தத் தட்டு, யாருக்கு எந்தத் தம்ளர், டிவி முன்னால் யார் எங்கே என்று எல்லாம் முடிவான விஷயம். செருப்பு விடக்கூட ஆளுக்கு ஓர் இடம். சுவரோரம் கைப்பிடி வைத்த நாற்காலி அவருடையது. ஜன்னலோரம் உள்ள பிளாஸ்டிக் நாற்காலி, வந்தால் போனால் எனக்கு. கல்யாணம் ஆன புதிதில் தெரியாமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் எதிரே நின்றுகொண்டே இருந்தார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவது, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எந்திரிச்சிருங்க தம்பி. இல்லேன்னா விடியற வரைக்கும் நிப்பாரு" என்றார்.

கேலி செய்தோமே தவிர, பதினெட்டு வருடம் அந்தத் திரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. திரை நின்றால் எழுதிக்கொள்ள ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு பேடு கொடுத்திருந்தார்கள். அறையில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்து ஒருத்தி கத்த, இன்னொருத்தி வண்டிக்கு வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். அதுதான் பழைய முறை. நிற்காத திரைக்கு எதற்குப் பேடு? அதில் காய்கறி லிஸ்ட் எழுதினார்கள். வரைபடத்தின் மேல் நாட்காட்டியை மாட்டினார்கள். பெண்களுக்கெல்லாம் மூத்தவர் பெரியக்கா. அவர்கூட, "ஆணி இருக்கற வரைக்கும் நமக்கென்ன" என்று தன் பேடைப் பேரனுக்குப் படம் வரையக் கொடுத்துவிட்டார்.

போன வருடம் புது மெஷின் வந்தது. திறந்து பார்த்தால் பதினாறு ப்ராசஸர் காட்டியது. மச்சான் வாயெல்லாம் பல். நான்கு பேரை வைத்துக் குடும்பம் நடத்தியவருக்குப் பதினாறு பேர். அந்தச் சமயம்தான் புது அதிகாரியும் வந்திருந்தார். நன்றாகப் படித்த பெண். மேடம் என்போம். இந்தக் காலத்து மெஷின் தானாகவே நன்றாகப் பங்கு போடும், கட்டிப்போடத்தான் வேண்டுமா சார் என்று மரியாதையாகத்தான் கேட்டார். மச்சான், பதினெட்டு வருடம் நிற்கவில்லையே மேடம் என்றார். மேடம் உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டார். அந்த ஒரு பதிலுக்கு எதிர்ப்பேச்சு யாரிடம் இருக்கிறது?

இரண்டு தாளைச் சேர்த்து ஒட்டி, ஒரு முழ நீளத்துக்குப் பதினாறு கட்டம் போட்டார். அழைப்பு ப்ரோக்ராமுக்குப் பழகிய மூன்றாம் எண்ணையே கொடுத்தார். இருக்கிற வேலைகளிலேயே முரட்டு வேலை பேச்சைச் சுருக்கி வைப்பது. அதை எங்கேயாவது தள்ளி வைக்க வேண்டும் என்று பார்த்து, எட்டுக் கட்டம் தள்ளிப் பதினொன்றில் போட்டார். தாளில் இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் தூரம் இருந்தது. எனக்குக் காட்டி, "பாத்தியா மாப்ள, இவன் சத்தம் அவனுக்குக் கேக்காது" என்றார்.

ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை.

அன்றைக்குக் காலை பத்தரை மணி இருக்கும். சர்வர் அறையில் உள்ள இரண்டு ஏசியில் ஒன்றைப் பிரித்துக் கழுவிக்கொண்டிருந்தேன். மச்சானிடம் வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுப்பதுதான் விதி. வெயில் காலம். அறை இருபத்தொன்பது டிகிரிக்குப் போனது. சுவரில் உள்ள அட்டையில் நானே என் கையால் 29 என்று எழுதினேன்.

புறவழிச்சாலையில் இரண்டு பஸ் நேருக்கு நேர். பார்த்தவன், கேட்டவன், அந்தப் பக்கம் போனவன் எல்லோரும் போனை எடுத்துவிட்டார்கள். பதினான்கு நாற்காலியிலும் மணி. திரைகள் முதலில் தயங்கின, பிறகு நின்றன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. மச்சான் எழுந்து ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

அந்த நேரத்தில் விபத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஓர் அம்மா கூப்பிட்டிருக்கிறார். வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் விழுந்துவிட்டார். போன் எடுத்தது பெரியக்கா. விலாசத்தை வாங்கிவிட்டார். எந்த வண்டி பக்கத்தில் நிற்கிறது என்று திரை சொல்ல வேண்டும். இதோ வந்துரும்மா, இதோ வந்துரும் என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். இழுப்பறையில் பேடு இல்லை. வரைபடத்தின் மேல் நாட்காட்டி. திரை வர இரண்டு நிமிடம் பத்து விநாடி ஆனது. வண்டி போய்ச் சேர்ந்தபோது அந்த ஆள் உயிரோடு இல்லை.

முன்னாலேயே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று விசாரணையில் டாக்டரிடம் கேட்டார்கள். சொல்ல முடியாது என்றார். பிழைத்திருப்பார் என்றோ மாட்டார் என்றோ சொல்லியிருந்தால் மச்சான் எப்படியாவது ஒரு பக்கம் சாய்ந்திருப்பார். சொல்ல முடியாது என்பதில் ஒரு மனுஷன் எங்கே உட்காருவது?

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மேடமும் கூட இருந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார்கள், அட்டையில் என் கையெழுத்தில் 29. சூடு ஏறினால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஏசியைப் பிரித்தது யார்? எழுத்து மூலம் சொன்னாரா? இல்லை. முடிந்தது. நான் ஒப்பந்தத்தில் இருக்கிறவன். என்னை வெளியே அனுப்ப ஒரு காகிதம் போதும். நானும் நம்பிவிட்டேன். ஏசியைப் பிரித்துப் போட்டு ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டேன் என்று இரண்டு நாள் வீட்டில் சுருண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மச்சான் என்னைச் சர்வர் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். முகத்தில் சவரம் இல்லை.

"சூடு இல்ல மாப்ள" என்றார்.

புரியவில்லை.

"மெஷின் தன் சூட்டைத் தானே எழுதி வைக்கும். தோண்டி எடுத்துட்டேன். அன்னைக்கு அறுபத்தொண்ணைத் தாண்டலை. தொண்ணூறுக்கு மேல போனாத்தான் வேகத்தைக் குறைக்கும். உன் ஏசி பாவம், அது ஒண்ணும் பண்ணலை."

பிறகு திரையில் ஒரு பட்டியலைக் காட்டினார். இடது பக்கம் பூஜ்யத்திலிருந்து பதினைந்து வரை எண்கள். வலது பக்கம் ஒவ்வொன்றும் உண்மையில் எந்த மூளை என்று இன்னோர் எண். மூன்றுக்கு நேரே 3 என்று இருந்தது. விரலைக் கீழே இறக்கிக்கொண்டே போனார். பதினொன்றுக்கு நேரேயும் 3.

இருந்தது எட்டு மூளைதான். ஒவ்வொன்றும் இரண்டு எண்ணில் வரிசையில் நின்றிருக்கிறது. ஒரு சமையல்காரன், இரண்டு அடுப்பு. ஓர் அடுப்பில் உலை கொதிக்கக் காத்திருக்கும்போது இன்னோர் அடுப்பைப் பார்ப்பான். அதற்குத்தான் அந்த ஏற்பாடு. சாதாரண நாளில் ஓடிவிடும். இரண்டிலும் ஒரே நேரத்தில் கிளற வேண்டியிருந்தால் கை இரண்டுதானே. பழைய மெஷினில் நான்கு என்றால் நிஜமாகவே நான்கு. அந்தப் பழக்கத்தில் இவர் பதினாறையும் பதினாறு ஆளாக எண்ணிவிட்டார். எல்லோரையும் விட்டுத் தள்ளி வைக்கிறேன் என்று முரட்டு வேலையை அழைப்பு ப்ரோக்ராமின் மடியிலேயே உட்கார வைத்துவிட்டார். அழைப்பு கூடினால் பேச்சு கூடும், பேச்சு கூடினால் சுருக்குகிற வேலை கூடும். எந்த நாளில் மூன்றுக்கு முழு மூளையும் வேண்டுமோ, அந்த நாளில்தான் பதினொன்று அதைப் பிடித்து அதிகம் இழுக்கும்.

"கட்டாம விட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"அதுவே ரெண்டையும் பிரிச்சு உக்கார வச்சிருக்கும். அதுக்குத் தெரியும், எது யாருன்னு. எனக்குத்தான் தெரியலை."

யாருக்கெல்லாம் தெரியும் என்றேன். எனக்கு, இப்போது உனக்கு என்றார். மேடம் அட்டையில் 29-ஐப் பார்த்ததும் நிறுத்திவிட்டார், அதற்குக் கீழே யாரும் தோண்டவில்லை. சுருக்குகிற வேலையை வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டேன், இனிமேல் நிற்காது என்றார். 

"என்ன செய்யட்டும் மாப்ள?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எவ்வளவோ வழி இருந்தது. வேண்டாம் மச்சான், ஏசிதான் என்றே இருக்கட்டும், நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஏசிக்காரனுக்கு எங்கேயும் வேலை கிடைக்கும். போய்ச் சொல்லுங்க, என் பேரைக் காப்பாத்துங்க என்று நேராகக் கேட்டிருந்தாலும் அது ஓர் ஆம்பிளைப் பேச்சு. நான் மேலே ஏசியைப் பார்த்தேன். ஃபில்டர் கழுவணும் என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அண்ணனிடம் வேண்டாம் என்று சொன்னீர்களா என்று கேட்டாள். அவரே முடிவு பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன் என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"முடிவு பண்ணட்டும்னு விட்டீங்களா, மாட்டட்டும்னு விட்டீங்களா?"

அடுத்த துணியை எடுத்து உதறி மடித்தாள். 

மறுநாள் மச்சான் அந்த முழ நீளத் தாளைச் சுவரிலிருந்து உரித்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விசாரணை அறைக்குள் போனார். நான் வராந்தாவில் நின்றேன். அரைமணி நேரம். வெளியே வந்த மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம், யாரும் கேட்கவே இல்லை, அவராக வந்து சொல்கிறார் என்றார். அவர் கட்டியது தப்பில்லை, ஓர் எண் மாறிவிட்டது, நானும் பார்த்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அறிக்கையிலிருந்து என் பேரை அடித்தார்கள். அந்த இடத்தில் அவர் பேர் ஏறியது. மச்சானை வளாகத்தின் கடைசியில், பழைய காகிதங்களைக் கட்டி வைத்திருக்கும் கட்டிடத்துக்கு மாற்றினார்கள். மெஷினில் அவர் போட்ட கட்டுகளை எல்லாம் அவிழ்த்துவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு. மேடம்தான் அவிழ்த்தார். ஒவ்வொரு மேஜையிலும் புதுப் பேடு வந்தது. நாட்காட்டியை எடுத்தார்கள்.

பெரியக்கா காகிதக் கட்டிடத்துக்கே போய், யானைக்கும் அடி சறுக்கும் தம்பி என்று ஆறுதல் சொல்லிப் பார்த்தார். "யானை சறுக்கினா யானைக்குத்தாங்க்கா அடி. நான் சறுக்கி இன்னொருத்தர் போயிட்டாரே" என்றாராம். பெரியக்காவுக்கும் அந்த அம்மாவின் குரல் காதை விட்டுப் போகவில்லை. 

ஒருநாள் மச்சான் அந்த அம்மாவின் தெருவுக்கும் போயிருக்கிறார். என்னிடம் அதிகம் சொல்லவில்லை. எதிர்ச்சாரியில் நின்று கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் பத்து விநாடி எண்ணினேன், ரொம்ப நீளமா இருந்துச்சு மாப்ள என்றார். வீட்டுக் கதவைத் தட்டினீர்களா என்று நான் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு பாலம் இடிந்து, பஸ் விபத்தன்று வந்ததைவிட அதிகமாக அழைப்பு வந்தது. சாயந்திரம் காகிதக் கட்டிடத்துக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே அவருக்குச் செய்தி தெரிந்திருந்தது.

"நின்னுச்சா?"

"நிக்கலை மச்சான்."

"கட்டு ஒண்ணும் இல்லாமயா?"

"இல்லாமத்தான்."

நல்லது என்றார். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். மூடியைத் திருகாமல் அப்படியே மேஜை மேல் வைத்தார். பதினெட்டு வருடம் தான் காவல் காத்தது தேவையா இல்லையா என்று ஒரு மனுஷன் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டு, அப்படி ஒரு பதிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பழைய மெஷினில் அது தேவைப்பட்டது என்று சொல்ல நினைத்தேன். எனக்கே உறுதியாகத் தெரியாததை எப்படிச் சொல்வது?

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அக்கா என்னை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னார்.

"எது யார் தட்டுன்னு பாக்கறதில்ல தம்பி. கையில கெடச்சத எடுத்துச் சாப்புடறாரு. சின்னவ தம்ளர்ல தண்ணி குடிக்கறாரு. எனக்குப் பயமா இருக்கு."

உள்ளே போனால் மச்சான் ஜன்னலோரம் என் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் கைப்பிடி வைத்த நாற்காலி காலியாக இருந்தது. நான் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"உக்காரு மாப்ள. எங்க வேணா உக்காரு."

வேறு நாற்காலி இல்லை. அவருடையதில் உட்கார்ந்தேன்.